நாலு துடுப்பும் மெஹர் லாத்தாவும்

செய்தி வந்தபோது அலுவலகத்தில் ஒரே கூச்சல். சந்தோஷக் கூச்சல். எங்கள் கைப்பேசி விளையாட்டின் புதிய பதிப்பில் அன்றைக்குத்தான் மழை ஒழுங்காகப் பெய்தது. மாதக்கணக்காகப் படகைத் தொடாமல் பக்கவாட்டில் பறந்துகொண்டிருந்த மழை, அன்று காலை நேராகப் படகின் மேல் விழுந்தது. அதைப் பெரிய திரையில் ஓடவிட்டு, மெஹர் லாத்தா வந்ததும் காட்டலாம் என்று காத்திருந்தோம். முத்துப்பேட்டையிலிருந்து அவர் வரும் பஸ் தாமதம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். என் கைப்பேசியில் அவர் பெயர் வந்தது. எடுத்துப் பார்த்தால் பேசியது, வெளிநாட்டு வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்ட அவருடைய கணவர் ஜாபர். "மங்கை, மெஹர் மௌத்தாயிட்டா" என்றார். விடிகாலைத் தொழுகை முடித்துவிட்டுத் தலை வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்கசிவு என்று மருத்துவர் சொன்னாராம். அன்று மாலையே அடக்கம்.

இதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மெஹருன்னிசாவின் முகம் தெரியாது. குரல் தெரியும். 'நாலு துடுப்பு' ஆடியவர் யாராக இருந்தாலும் ஒரு தடவையாவது அந்தக் குரலிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள், அல்லது அந்தக் குரலைத் திட்டியிருப்பீர்கள். உங்களுக்காகவும், அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்ட எங்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நானும் சிவாவும் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்குத் திரும்பியவர்கள். அவன் நிரல் எழுதுவான், நான் படம் வரைவேன். மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஓர் உரக்கடையின் மாடியைப் பிடித்து விளையாட்டுக் கம்பெனி ஆரம்பித்தோம். பரம்பரையாக ஆசிரியர் வேலை பார்க்கும் என் வீட்டில் இதைச் சொந்தக்காரர்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "கம்ப்யூட்டர்ல ஏதோ செய்யறா" என்று சமாளித்தார்கள். நாங்கள் செய்த விளையாட்டு எளிமையானது. நாலு பேர், நாலு கைப்பேசி, ஒரு படகு. ஆளுக்கு ஒரு துடுப்பு. அலையாத்திக் காட்டின் குறுகலான வாய்க்கால்களில், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே படகை ஓட்டிப்போக வேண்டும். ஒருவர் அவசரப்பட்டாலும் படகு வேரில் போய் முட்டும். முதலில் எங்கள் நண்பர்கள் ஆடினார்கள். பிறகு நண்பர்களின் நண்பர்கள். அதற்கு மேல் நகரவில்லை.

அப்படியிருக்கையில் ஒருநாள் முற்பகலில், பர்தா அணிந்த ஒரு பெண்மணி மாடிப்படி ஏறி வந்து, "இங்க யாருங்க பொறுப்பு?" என்று கேட்டார். முத்துப்பேட்டையில் தன் அண்ணனோடு சேர்ந்து விமான டிக்கெட் போட்டுத்தரும் கடை நடத்துவதாகவும், மின்னஞ்சலில் பலமுறை புகார் அனுப்பியும் பதில் வராததால் நேரில் வந்ததாகவும் சொன்னார். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் கணவரும், இவரும், இவருடைய மகளும், நாத்தனாரும் தினமும் ஒரே படகில் ஆடுகிறார்கள். அங்கே கணவரின் இணைப்பு அறுந்தால், அவர் வெளியேறிவிட்டதாக எடுத்துக்கொண்டு எங்கள் விளையாட்டு வேறு யாரையோ அந்த இடத்தில் உட்கார வைத்துவிடுகிறது. இதுதான் புகார்.

சிவா பொறுமையாக விளக்கினான். ஓர் இடம் காலியாக இருந்தால் மற்ற மூன்று பேருக்கும் ஆட்டம் நின்றுபோகும், அதனால்தான் அந்த ஏற்பாடு என்றான். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் எந்திரிச்சுப் போகலீங்க. அவருக்கு நெட் போயிடுச்சு. ரெண்டும் ஒண்ணா? நாங்க மூணு பேரும் அவருக்காகக் காத்திருக்கத் தயாரா இருக்கோம். உங்க கேம்தான் காத்திருக்க மாட்டேங்குது."

சிவா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கணினியில் எதையோ தட்ட ஆரம்பித்தான். அவனுக்கு ஒரு விஷயம் பிடித்துப்போனால் அப்படித்தான். அந்த வாரமே காத்திருக்கும் வசதியைச் செய்து முடித்தான். துடுப்பு படகில் கிடக்கும். ஆள் திரும்பி வரும்வரை மற்றவர்கள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கலாம். அவ்வளவுதான். அதன் பிறகு நடந்ததை நான் எத்தனை தடவை யாரிடம் சொன்னாலும் எனக்கே மூச்சு வாங்கும். அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர், பட்டுக்கோட்டை என்று வீடு வீடாக விளையாட்டு பரவியது. கணவன் வளைகுடாவில், மனைவி இங்கே, தம்பி சென்னையில், மாமனார் பக்கத்து அறையில் என்று ஒரே படகில் ஏறினார்கள். வெளிநாட்டில் ஒரே அறையில் தங்கியிருக்கும் ஆட்கள் ஒருவருக்கொருவர் காட்டி, தமிழே தெரியாதவர்களும் ஆட வந்தார்கள். எங்கள் திரையில் எண்கள் ஏறுவதைப் பார்த்து நாங்கள் ஏதோ பிழை என்று நினைத்தோம்.

புகார் சொல்ல வந்தவரை வேலைக்கு அழைத்தோம். விளையாட்டுக்கு வருகிறவர்களைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. முதல் நாளே, அக்கா என்று கூப்பிட்டால் பக்கத்தில் நிற்கும் வேறு யாரையோ கூப்பிடுவதுபோல் இருக்கிறது, லாத்தா என்று கூப்பிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். என்னை முதலில் "நீங்க" என்றவர், அடுத்த வருடத்துக்குள் "நீ" என்றார். எனக்கு அது பதவி உயர்வுபோல் இருந்தது.

வேகமாக வளர்வது என்றால் என்ன என்று எங்களுக்குக் கற்றுத்தந்தது ஒரு நோன்புப் பெருநாள். அன்று கூட்டம் வரும் என்று தெரியும். சர்வர்களைக் கூட்டி, ஆட்களை நிறுத்தி, எல்லாம் தயாராக வைத்திருந்தோம். ஆனால் நம் ஊர்க் கணக்குக்குத் தயாராக இருந்தோம். வளைகுடாவில் பிறை ஒருநாள் முந்தித் தெரிந்துவிட்டது. அங்கே பெருநாள், விடுமுறை. எல்லோரும் ஒரே நேரத்தில் படகில் ஏறினார்கள். மதியம் நாங்கள் தட்டில் கை வைத்த நேரத்தில் விளையாட்டு விழுந்தது. நோன்போடு இருந்த மெஹர் லாத்தா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். கணவர் காலையிலேயே பெருநாள் வாழ்த்துச் சொன்னாராம். தனக்கே தோன்றவில்லையே என்றார்.

படகு ஓடவில்லை, ஆனால் பேசும் வசதி வேறு சர்வரில் இருந்ததால் அது மட்டும் ஓடியது. சிவாவும் பையன்களும் சரிசெய்து முடிக்கும்வரை என்ன செய்வது? லாத்தா ஹெட்போனை மாட்டிக்கொண்டு எல்லோரும் பேசக்கூடிய பொது அறையைத் திறந்தார். உள்ளே காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் கோபமாக இருந்தார்கள். "படகு உடைஞ்சிடுச்சுங்க. உண்மையைச் சொல்லிடறேன். நீங்க இவ்வளவு பேர் வருவீங்கன்னு நாங்க நினைக்கல. வந்ததுக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்" என்று ஆரம்பித்தார். பிறகு ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு, எந்த ஊர், அங்கே இன்றைக்கு என்ன சமையல், கூட யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். தோஹாவில் முதல் தடவை தானே பிரியாணி வைத்த ஒருவர், அரிசி குழைந்துவிட்டது என்று சொன்னதும், மன்னார்குடியிலிருந்து ஒரு பெண் குறுக்கே புகுந்து அதை எப்படிக் காப்பாற்றுவது என்று சொன்னார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளையாட்டே இல்லாத விளையாட்டில் ஆட்கள் குறையவில்லை, கூடிக்கொண்டே போனார்கள். கடைசியில் படகு எழுந்தபோது சிவா ஓடிவந்து சொல்ல, லாத்தா கையால் அவனைப் பொறு என்று நிறுத்திவிட்டு, பேசிக்கொண்டிருந்த ஆளின் பேச்சை முடிக்கவிட்டு அப்புறம்தான் அறிவித்தார்.

அவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது என்று எழுதினால் அவரே கோபித்துக்கொள்வார். அறைகளில் அசிங்கமாகப் பேசுகிறவர்களைக் கவனிக்கத் தனியாக ஆட்களும் மென்பொருளும் வேண்டும் என்று சிவா வெகு நாளாகச் சொல்லிவந்தான். லாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. ஆடுகிறவர்களிலேயே நல்லவர்களாகப் பார்த்துப் பொறுப்பைக் கொடுத்தால் போதும், தெருவை அந்தத் தெருக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று வாதாடினார். கொஞ்ச காலம் அது நடந்தது. தெரு ஊராகி, ஊர் நாடானபோது, பொறுப்பேற்றவர்கள் வசவு கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள். நல்ல தன்னார்வலர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். ஒரு காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் எழுந்து, "சிவா, நான் சொன்னது தப்பு. ஆள் போடுங்க. எத்தனை பேர் வேணும்னு நீங்க சொல்லுங்க, புடிச்சுட்டு வர்றது என் வேலை" என்றார்.

பிடித்துக்கொண்டும் வந்தார். தஞ்சாவூருக்கு வரச் சொன்னால் சென்னைக்காரர்கள் சிரித்த காலம் அது. எங்களிடம் வேலை கற்றுக்கொண்டு ஒரு வருடத்தில் பெங்களூருக்குப் பறந்தவர்களும் உண்டு. லாத்தா எதிர்ப்பக்கம் போனார். பட்டம் வாங்கியும் வெளியூருக்கு அனுப்ப வீட்டில் சம்மதிக்காத பெண்கள் இந்தப் பக்கம் எவ்வளவு பேர் என்று அவருக்குத் தெரியும். மன்னார்குடி, நீடாமங்கலம், பாபநாசம் என்று அவர்கள் வீடுகளுக்கே போய் அப்பாக்களிடம் பேசினார். வேலை என்ன என்பதை விளக்குவதற்கு முன்பாக, சாயங்காலம் பஸ் ஏற்றிவிடும் பொறுப்பு தன்னுடையது என்று சொல்லிவிடுவார். இன்று எங்கள் அலுவலகத்தின் பெரிய கூடத்தில் பாதிக்கு மேல் அப்படி வந்தவர்கள்தான்.

இனி நான் சொல்ல வேண்டியது, எங்களை ஏறக்குறைய மூழ்கடித்த விஷயம். கூட்டம் கூடக் கூடச் செலவும் கூடியது. இலவச விளையாட்டு, கொஞ்சம் விளம்பரம், அதை வைத்து அத்தனை சர்வர்களுக்கு வாடகை கட்ட முடியவில்லை. அப்போது பெங்களூரிலிருந்து ஒரு முதலீட்டாளர் வந்தார். மரியாதையான மனிதர். எங்கள் படகை ஆடிப்பார்த்து, நிஜமாகவே ரசித்தார். பெரிய தொகை போடத் தயார் என்றார். ஒரு நிபந்தனை. அறிமுகமில்லாதவர்களும் அறைகளுக்குள் வரலாம். காசு கொடுத்து விளையாட்டுக்குள் வைரம் வாங்கி, பிடித்தவர்களுக்குப் பரிசாக அனுப்பலாம். வேறு நாடுகளில் இப்படித்தான் வருமானம் கொட்டுகிறது என்று காட்டினார். சிவாவுக்கு வேறு வழி தெரியவில்லை. எனக்கும்தான். லாத்தா மட்டும், சின்னதாகச் செய்து பார்ப்போம், பார்த்துவிட்டுப் பேசுவோம் என்றார். ஒரு பகுதி ஆட்களுக்கு மட்டும் திறந்துவிட்டோம்.

வருமானம் வந்தது. அதை மறைக்க முடியாது, நாங்கள் கைதட்டினோம். கூடவே திருவாரூரில் செவிலியர் படிப்புப் படிக்கும் ஒரு பெண் ஆட்டத்தை விட்டுப் போனாள். நன்றாக ஆடுகிறவள், வாரப் போட்டிகளில் அவள் படகு முன்னால் நிற்கும். லாத்தா அவளைத் தேடிப் பிடித்துப் பேசினார். யாரோ ஒருவன் தொடர்ந்து வைரம் அனுப்பிவிட்டு, இவ்வளவு அனுப்பியும் நம்பர் தரமாட்டாயா என்று எல்லோர் காதிலும் விழும்படி அவளை நச்சரித்திருக்கிறான். அவளுடைய அம்மா காதில் அது விழுந்திருக்கிறது. லாத்தா திருவாரூருக்குப் போய் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். திரும்பி வந்து அந்தப் பெண் சொன்னதை எங்களிடம் அப்படியே சொன்னார்: "ஜெயிச்சா அம்மாகிட்டதான் முதல்ல சொல்லுவேன். இப்ப அந்த கேம் பேரையே வீட்டுல எடுக்க முடியல."

அந்த வாரம் முதலீட்டாளரோடு வீடியோ கூட்டம். சிவா எண்களை வைத்துப் பேசினான். அவரும் எண்களை வைத்துப் பேசினார். இவ்வளவு பேரில் சிலர் போவது இயல்பு என்றார். லாத்தா என்னைப் பார்த்தார். பேசுங்கள் என்று தலையசைத்தேன்.

"சார், உங்களைவிட எனக்கு அவசரம். இது உலகம் பூரா போகணும், அதுவும் இந்த உரக்கடை மாடியில இருந்து போகணும்னு நான் ஆசைப்படறேன். ஆனா எங்க பக்கத்துல பாதி வீட்டுல ஆம்பளைங்க வெளிநாட்டுல. பொம்பளைங்கதான் எங்களை நம்பி இந்த கேமை வீட்டுக்குள்ள விட்டாங்க. அவங்க தூக்கி வெளிய போட்டாங்கன்னா, அவங்க புருஷனும் போவான், புள்ளையும் போகும். சிலர் போக மாட்டாங்க சார். வீட்டோட போவாங்க."

முதலீட்டாளர் யோசிக்கிறேன் என்றார். சில நாளில் இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. வாழ்த்துகள் சொல்லி விலகிக்கொண்டார். சிவா அதைப் படித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான். நான் லாத்தாவிடம் எரிந்து விழுந்தேன். நீங்கள் கொஞ்சம் பதமாகப் பேசியிருக்கலாம் என்றேன். அவர் அழுதார். அழுதுகொண்டே, பரிசு வசதியை இன்றைக்கே மூடலாமா என்று கேட்டார். மூடினோம். அறிமுகமில்லாதவர் ஒருவர் படகில் ஏற வேண்டுமானால் உள்ளே இருக்கும் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும் என்று மாற்றினோம். அன்று மாலை எல்லோரையும் உட்காரவைத்து நிலைமையைச் சொன்னேன். சிலர் போனார்கள். இருந்தவர்கள் அரைச் சம்பளத்துக்கு இருந்தார்கள். சிவா இரண்டு ஆட்கள் வேலையைப் பார்த்தான். அந்தக் குறுவைப் பருவம் முழுக்க, கீழே கடையில் உரமூட்டை இறங்கும் சத்தத்தோடு, ஒவ்வொரு வாரமும் இந்த வாரம் தாங்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

தாங்கியது. தாங்கியது மட்டுமில்லை. அந்த மாற்றத்தைப் பற்றி நாங்கள் விளம்பரம் எதுவும் செய்யவில்லை. பெண்கள் செய்தார்கள். கல்யாண வீடுகளில், டியூஷன் வாசல்களில், குடும்ப வாட்ஸப் குழுக்களில், இதில் கண்டவன் நுழைய முடியாது என்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள், மலப்புரத்திலிருந்து வந்தார்கள், மலேசியாவிலிருந்து கூட்டங்கூட்டமாக வந்தார்கள். படகுக்குச் சாயம், பாய், விளக்கு என்று நாங்கள் விற்ற சின்னச் சின்ன அலங்காரங்களைக் குடும்பமாகச் சேர்ந்து வாங்கினார்கள். அதிலேயே சர்வர் வாடகை வந்தது. பிறகு வேறொரு முதலீட்டாளர் தானாகவே தேடி வந்தார். திருவாரூர்ப் பெண் திரும்பி வந்தாள், இந்தத் தடவை இன்னொரு துடுப்பில் அவள் அம்மாவும் இருந்தார்.

அடக்கத்துக்கு நாங்கள் எல்லோரும் வேன் பிடித்துப் போனோம். ஆண்கள் பள்ளிவாசலுக்கும் அடக்கம் செய்யும் மையவாடிக்கும் போய்விட, நான் வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். அறை நிறையப் பெண்கள். வெகுநேரம் குர்ஆன் ஓதும் குரல் மட்டும். பிறகு பக்கத்தில் இருந்தவர் என் கையைத் தொட்டு, "நீங்க மங்கைதானே? நான்தான் கருந்தோணி" என்றார். முதல் பத்துப் படகுகளில் எப்போதும் நிற்கும் பெயர். அவருக்கு அறுபது வயதிருக்கும். அதைக் கேட்டு இன்னொருவர் திரும்பி, "கருந்தோணி நீங்களா?" என்றார். அவர் விளையாட்டில் 'புயல்'. பல மாதங்களாக ஒருவரையொருவர் தோற்கடித்துக்கொண்டிருந்தவர்கள் அந்த அறையில் முதல் தடவை முகம் பார்த்தார்கள். அழுதார்கள், அழுகைக்கு நடுவே, லாத்தா தங்களுக்கு எந்தச் சண்டையை எப்படித் தீர்த்துவைத்தார் என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். துக்க வீட்டில் எனக்கு இப்படித் தோன்றலாமா என்று தெரியவில்லை. ஒரு பெருமிதம். ஜாபர் திரும்பி வந்ததும், புதிய பதிப்பைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். மழை சரியாயிற்றா என்று மட்டும் கேட்டார்.

கடைசி மாதங்களில் லாத்தா மலாய் கற்றுக்கொண்டிருந்தார். மலேசியாவிலிருந்து கூப்பிடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், அவர்கள் மொழியில் ஒரு வார்த்தையாவது பேசாவிட்டால் மரியாதை இல்லை என்பார். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது என்னையும் கூடச் சேர்த்துக்கொள்வார். 'அப்பா கபர்' என்றால் நலமா என்று அர்த்தமாம். லாத்தாவின் வீட்டுப் பேச்சில் கபர் என்றால் புதைகுழி. "நம்ம ஊர்ல போய் இப்படிக் கேட்டா அடிக்க வருவாங்க" என்று அவர் சிரித்ததில், புதிய பேருந்து நிலையத்தில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எண்கள், உறவுமுறை, நன்றி சொல்வது என்று தாண்டி, மன்னிப்புக் கேட்பது எப்படி என்ற பாடத்துக்கு வந்திருந்தார்.

மழையோடு புதிய பதிப்பு வெளியான அன்று, லாத்தாவின் இருக்கையில் யாரும் உட்காராமல் தயங்கியதால் அவருடைய அழைப்புகளை நான் எடுத்தேன். பினாங்கிலிருந்து ஓர் அம்மாள். மழை வந்ததும் படகு மூழ்குகிறது என்று கோபமாக ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, தெரிந்த மலாய் வார்த்தைகளையெல்லாம் கோத்து வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, மன்னிப்பும் கேட்டேன். மறுமுனையில் ஒரு சிரிப்பு.

"நீங்க தமிழ்லயே சொல்லுங்கம்மா. நாங்க கூத்தாநல்லூர்" என்றார்.

நானும் சிரித்துவிட்டேன். அவர் சொன்ன பிழையைக் குறித்துக்கொண்டு சிவாவிடம் கொடுத்தேன். மறுநாள் படகு மூழ்கவில்லை. மெஹர் லாத்தாவிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது இதைத்தான்: யார் கூப்பிடுகிறார்களோ அவர்கள் பக்கமாக நாமே முதலில் ஓரடி எடுத்து வைத்துவிடும் அந்த அவசரம். தப்பாக எடுத்து வைத்தாலும் பரவாயில்லை. மலாய் வகுப்பைத் தொடர்கிறேன். மன்னிப்புப் பாடம் முடிந்துவிட்டது. அடுத்த பாடம், ஒருவரை வீட்டுக்கு வரச்சொல்லி அழைப்பது எப்படி என்பது.